சிரிப்புக்கு விட்ட இடம்

தென்காசி நாறும்பூநாத பிள்ளையின் மகன் ஆவுடைநாயகம் வடக்கே எங்கேயோ பி.ஏ. படிக்கிறான் என்பது ஊருக்குத் தெரியும். எதில் பி.ஏ. என்பது முதலில் வீட்டு ஆட்கள் நாலு பேருக்குத்தான் தெரியும்.

நாடகத்தில்.

நாடகத்துக்கு ஒரு பட்டம் உண்டு, அதற்கு மூன்று வருஷப் படிப்பு உண்டு, பரீட்சை, மார்க், கடைசியில் கறுப்பு அங்கி எல்லாம் உண்டு என்று 1957இல் தென்காசியில் சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நம்பினாலும் சிரித்திருப்பார்கள். மேலகரத்துப் பக்கம் வயலும், கோயில் காரியங்களில் ஒரு மரியாதையும் உள்ள குடும்பம். மகன் கூத்தாடப் படிக்கிறான் என்று எப்படி வெளியில் சொல்வது? பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தார். யாராவது கேட்டால், "வக்கீலுக்குப் படிக்கதுக்கு முன்னால ஒரு படிப்பு இருக்குல்லா, அது" என்பார். மகனும் அப்பாவுக்குச் சளைத்தவனல்ல. லீவுக்கு வந்திருக்கும்போது முடிவெட்டுகிறவர் கேட்டால் 'இலக்கியம்' என்பான். பஸ்ஸில் பழைய வாத்தியார் கேட்டால் 'சரித்திரம்' என்பான். ஒரே வாரத்தில் இரண்டு பேரிடம் இரண்டு பாடம் சொல்லி மாட்டிக்கொண்டதும் உண்டு.

உள்ளதை உள்ளபடி சொன்னவள் அவனுடைய அக்கா ஒருத்திதான்.

அவள் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மனின் பெயர். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குப் பேர் வைக்கிறபோது அது பின்னால் எப்படிப் பேசும் என்று யாருக்குத் தெரியும்? அவளுக்குத் திக்குவாய். சில எழுத்துகள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சிலது தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். 'க'வும் 'ந'வும் அவளுக்கு ஜென்மப் பகை. அவளுடைய பெயரே அவளுக்குப் பகையாகிப்போனது அப்படித்தான். பள்ளிக்கூடம் முடித்ததும் கிதிர் முகம்மது ராவுத்தர் நடத்திய டைப் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து, லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, அங்கேயே வேலைக்கும் இருந்தாள். வக்கீல்களின் பத்திரங்கள் அவள் கையால்தான் தட்டச்சாகும். அவளுடைய இங்கிலீஷில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது என்று வக்கீல்களே சொல்வார்கள்.

இன்ஸ்டிட்யூட்டில் யாராவது தம்பி என்ன படிக்கிறான் என்று கேட்டால், அவள் மிஷினிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நா... நா..." என்று ஆரம்பித்து, கேட்டவர் தர்மசங்கடப்பட்டுப் போதும் என்பதுபோல் தலையாட்டினாலும் விடாமல், "நாடகம்" என்று முழுசாகச் சொல்லித்தான் நிறுத்துவாள். இலக்கியம் என்று சொன்னால் அவளுக்கு எவ்வளவோ சுலபம். அவள் அப்படிச் சொன்னதில்லை.

அவன் அங்கே போய்ச் சேர்ந்ததே அவளால்தான். இன்டர்மீடியட் முடித்த கையோடு, வாசகசாலையில் ஒரு இங்கிலீஷ் பேப்பரில் ஆவுடைநாயகம் அந்த விளம்பரத்தைப் பார்த்தான். குஜராத்துப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். விண்ணப்பத்தை அவன் கிறுக்கிக் கொடுக்க, அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து திருத்தித் தட்டச்சு செய்தாள். இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்த பிறகு அப்பாவிடம் பேசியதும் அவள்தான். அவள் பேச ஆரம்பித்தால் முடிக்கிறவரை யாரும் எழுந்து போகக் கூடாது, நடுவில் எடுத்துக் கொடுக்கவும் கூடாது என்று அம்மா அகிலாண்டேஸ்வரி அந்த வீட்டில் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். அக்கா அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் பேசினாள். பிள்ளையால் எழுந்திருக்கவும் முடியவில்லை, குறுக்கே பேசவும் முடியவில்லை. கடைசியில், வெளியில் சொல்லக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சரி என்றார். அந்த நிபந்தனையைத்தான் அவள் காப்பாற்றவில்லை.

முதல் வருஷம் ஆவுடைநாயகம் அங்கே திணறினான். மேடையில் நடக்கவே புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. உடன் படித்தவர்கள் நன்றாகப் பேசினார்கள், நன்றாகப் பாடினார்கள். இவன் பெயரைக்கூட யாருக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. நாயக் என்று சுருக்கிவிட்டார்கள். புனாவிலிருந்து வந்த விநாயக், சூரத்துக்காரன் ஹஸ்முக் இரண்டு பேரும் அவனோடு ஒரே அறையில் இருந்தார்கள். அக்காவுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் விநாயக்கைப் பற்றித்தான் எழுதுவான். அவன் சிரித்தால் பக்கத்து அறையில் தூங்குகிறவன் எழுந்துவிடுவான், அப்படி ஒரு சிரிப்பு என்று.

இரண்டாம் வருஷத்தில் நடிப்பு வகுப்பில் ஒரு பாடம் வந்தது. ஒவ்வொருவரும் தாங்கள் பார்த்த ஒரு மனிதரை அப்படியே மேடைக்குக் கொண்டுவர வேண்டும். ஆவுடைநாயகம் முதலில் ஒரு ரயில்வே போர்ட்டரைச் செய்தான். பிறகு ஒரு கோயில் பண்டாரத்தைச் செய்தான். பேராசிரியர் இரண்டையும் பார்த்துவிட்டு, காலண்டர் படம் மாதிரி இருக்கிறது, உனக்குத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வா என்று சொல்லிவிட்டார். அவனுக்கு அவமானமாகிவிட்டது. இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் அக்காவைக் கொண்டுபோனான்.

அது 1955இல் நடந்தது. அக்காவைப் பெண் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார்கள். திக்குவாய் விஷயம் முன்பே சொல்லிவிட்டதுதான். பையன் வீட்டிலும் அதனால் என்ன என்றுதான் சொல்லியிருந்தார்கள். அக்கா வந்து உட்கார்ந்தாள். பையனின் அப்பா பேச்சை ஆரம்பிப்பதற்காகப் பெயரைக் கேட்டார். அவள் தொடங்கினாள். வரவில்லை. கூடம் முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா" என்றார், ஏதோ சத்தம் போதாததுதான் குறை என்பதுபோல. அப்போது பதினாறு வயசுப் பையனாகக் கதவோரம் நின்றுகொண்டிருந்த ஆவுடைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. வீட்டுச் சட்டத்தை மீறி, "குழல்வாய்மொழி" என்று அவனே சொல்லிவிட்டான். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு கடிதம் வந்தது, ஜாதகம் சரியில்லை என்று.

இதைத்தான் வகுப்பில் செய்தான். ஒரு முக்காலி. அதில் தலைகுனிந்து உட்கார்ந்து, முந்தானை நுனியைச் சுட்டுவிரலில் சுற்றுகிற ஒரு பெண். பையனின் அப்பாவின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து வரும்; அதை விநாயக் இங்கிலீஷில் பேசினான். பெண் பெயரைச் சொல்ல முயல்வாள். கழுத்து நரம்பு புடைக்கும். கண் ஒரு பக்கமாகச் செருகும். கடைசியில் ஆவுடைநாயகம் முக்காலியிலிருந்து எழுந்து தள்ளி நின்று, தம்பியாக மாறி, பெயரைச் சொல்லுவான். முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு வகுப்பு அடங்கிப்போனது. முடிந்ததும் பேராசிரியர், இது யார் என்று கேட்டார். ஆவுடைநாயகம், யாருமில்லை, கற்பனை என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று பிறகு பல தடவை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறான். அக்கா என்று சொன்னால் அவர்கள் தன்னை வேறு மாதிரிப் பார்ப்பார்கள் என்று பயந்தான் என்பதுதான் உண்மை. கற்பனை என்றதும் பேராசிரியர் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். அந்த வருஷம் அவனுக்குத்தான் முதல் மார்க்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. அவனுக்குப் பெயர் வந்துவிட்டது. விடுதி நாள் விழாவில் அதைச் செய் என்றார்கள். யாராவது விருந்தினர் வந்தால் அதைச் செய் என்றார்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றாலும் அதைச் செய் என்றார்கள். விடுதிப் பையன்களுக்கு அழுகை வேண்டாம். அந்த முதல் சிரிப்பு எங்கே வந்ததோ அந்த இடத்தை அவன் கொஞ்சம் நீட்டினான். கண் செருகுவதைக் கொஞ்சம் கூட்டினான். விநாயக் 'கொஞ்சம் சத்தமாகச் சொல்லம்மா' என்கிற இடத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பார்கள். அதற்குப் பிறகு தம்பி எழுந்து நின்று பெயரைச் சொல்வது சப்பென்று இருந்தது. அதனால் தம்பியை எடுத்துவிட்டான். சிரிப்பின் உச்சியிலேயே விளக்கை அணைத்துவிடச் சொன்னான். மூன்றாம் வருஷத்தில் விடுதி நடையில் அவனைக் கண்டால் பையன்கள் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக "கு... கு... கு..." என்பார்கள். அவனும் கையைத் தூக்கி "கு... கு..." என்பான்.

1960இல் படிப்பு முடிந்தது. ஆவுடைநாயகம் தென்காசிக்கு வந்து சேர்ந்தான். ஜூன் கடைசியில் குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்தபோது, விநாயக்கும் ஹஸ்முக்கும் அருவியில் குளிக்க வருகிறோம் என்று எழுதினார்கள். அவன் தண்ணீர் இல்லை என்று பதில் எழுதினான். அந்தக் கடிதம் போய்ச் சேருமுன்னே அவர்கள் கொல்லம் மெயிலில் வந்து இறங்கிவிட்டார்கள்.

குற்றாலத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்து அவர்களை அங்கே தங்கவைத்தான். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா என்று அம்மா தினமும் சொன்னாள். அவர்களுக்கு நேரமில்லை, நம் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, நாளைக்குப் புறப்படுகிறார்கள் என்று தினமும் ஒரு காரணம் சொன்னான். குற்றாலத்தில் அவர்களிடம், வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்தான். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள நாலு மைல் தூரத்துக்குள் அவன் அந்த ஒரு வாரத்தில் சொன்ன பொய், மூன்று வருஷத்தில் சொன்னதைவிட அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஐந்தருவிக்குப் போனார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஒரு பழக்கடையின் கீற்றுப் பந்தலுக்கடியில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். ஒரு கையில் பெரிய டிபன் கேரியர், இன்னொரு கையில் பை. அவர்கள் வீட்டுக்கு வர முடியாவிட்டால் என்ன, சாப்பாடு அவர்களிடம் போகட்டும் என்று காலையிலேயே எழுந்து கூட்டாஞ்சோறு ஆக்கி, வடகம் பொரித்து, பக்கத்து வீட்டு உலகம்மையிடம் ஒரு டிபன் கேரியர் இரவல் வாங்கி, ஐந்தருவிக்குப் போகிறோம் என்று தம்பி வாய்தவறிச் சொன்னதை வைத்துத் தனியாகப் பஸ் ஏறி வந்திருந்தாள். மூன்று வருஷமாகக் கடிதத்தில் படித்த ஆட்களைப் பார்க்கிற சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. சாரலில் தலை நனைந்திருந்தது.

ஆவுடைநாயகம் எழுந்து ஓடிப்போய் டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு, நீ அடுத்த பஸ்ஸில் போய்விடு, இங்கே ஒரே கூட்டம் என்று மெதுவாகச் சொன்னான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. நேரே பந்தலுக்கு வந்து, அவர்களைப் பார்த்துக் கைகூப்பினாள்.

நாயக் கடிதம் எழுதுகிற அக்கா இவர்தான் என்று ஊகித்து, விநாயக் எழுந்து நின்று, மிகவும் மரியாதையாக, தங்கள் பெயரைத் தெரிந்துகொள்ளலாமா என்று இங்கிலீஷில் கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். "கு..." என்றாள். "கு... கு..."

விநாயக் ஒரு கணம் விழித்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். உன் அக்காவுக்கும் இது தெரியுமா நாயக், உன்னைவிடப் பிரமாதமாகச் செய்கிறாரே என்று கூவினான். பக்கத்து அறையில் தூங்குகிறவனை எழுப்புகிற அந்தச் சிரிப்பைச் சிரித்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பெண் கற்பனை என்றுதான் அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வீட்டில் தம்பி செய்துகாட்ட, அக்காவும் கற்றுக்கொண்டு வேடிக்கையாக வரவேற்கிறாள் என்று நினைத்துவிட்டான். தன் பங்குக்கு அவனும் சும்மா இருக்கக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். முன்னால் சாய்ந்து, காதில் கையை வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னாலிருந்து எத்தனையோ தடவை சொன்ன அந்த வசனத்தைச் சொன்னான்.

"கொஞ்சம் சத்தமாகச் சொல்லம்மா."

இங்கிலீஷில்தான் சொன்னான். அக்காவுக்கு அது போதும். அந்த வார்த்தையை அவளிடம் சொன்னவர் உலகத்திலேயே ஒருவர்தான். அந்தக் கூடத்தில் இருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. புனாக்காரனுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்க முடியும்.

அவள் விநாயக்கைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். ஆவுடைநாயகம் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விநாயக், நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். இவள் நடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் ஐந்து அருவியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹஸ்முக்குக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் கழுத்து நரம்பைப் பார்த்திருப்பான். விநாயக்கின் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினான். சிரிப்பு பாதியில் நின்றது. அக்கா விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. தண்ணீர்ச் சத்தத்தில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். "குழல்வாய்மொழி" என்றாள். அப்புறம் சுத்தமான இங்கிலீஷில், நான் இவனுடைய அக்கா, ஆறுவதற்குள் சாப்பிடுங்கள் என்றாள்.

இலை விரித்துப் பரிமாறினாள். அவர்கள் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார்கள். விநாயக் போதும் என்று சொல்லத் தெரியாமல் போட்டதையெல்லாம் தின்றான். பாத்திரத்தைக் கழுவி அடுக்கிக்கொண்டு அவள் அடுத்த பஸ்ஸில் ஏறினாள். ஆவுடைநாயகம் கூடவே போயிருக்க வேண்டும். துண்டு இன்னும் காயவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றான்.

பஸ் போன பிறகு விநாயக் அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். கற்பனை என்று சொன்னாயே என்றான். பிறகு, வீட்டுக்கு வந்து உன் அக்காவின் காலில் விழுகிறேன் என்றான். வேண்டாம், அது அவளை இன்னும் நோகச் செய்யும் என்று ஆவுடைநாயகம் தடுத்துவிட்டான். உண்மையில், அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் அவன் பயம். மறுநாள் ரயிலிலேயே நண்பர்கள் போய்விட்டார்கள். விநாயக் ஜன்னல் வழியாகக் கைகூட நீட்டவில்லை.

வீட்டில் அக்கா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டாஞ்சோறு அவர்களுக்குப் பிடித்ததா என்று அம்மா கேட்டதற்கு, நன்றாகச் சாப்பிட்டார்கள் என்றாள். எப்போதும்போல வேலைக்குப் போனாள், வந்தாள். ஆவுடைநாயகம் மன்னிப்புக் கேட்க நாலைந்து தடவை வாயெடுத்தான். ஒவ்வொரு தடவையும் அவன் மனசுக்குள் வார்த்தைகள் வசனம் மாதிரி அடுக்கிக்கொண்டு நின்றன. எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்திருந்ததாலேயே பேச முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவும் அம்மாவும் பண்பொழி மலைக்கோயிலுக்குப் போயிருந்தார்கள். அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. சமையலறையிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் போட்டாள். தான் சுவரோரம் பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

"செஞ்சு காட்டுலே" என்றாள்.

அவன் முடியாது என்றான். கெஞ்சினான். அழுகைகூட வந்தது. அவள் அசையவில்லை. ஊரெல்லாம் பார்த்திருக்கிறது, நான் பார்க்கக் கூடாதா என்று கேட்டாள். அதைக் கேட்டு முடிக்க அவளுக்கு நேரமாயிற்று. அவன் எடுத்துக் கொடுக்காமல் நின்றான்.

பிறகு முக்காலியில் உட்கார்ந்தான். தன்னால் செய்ய முடியாது, பாதியில் உடைந்துவிடுவேன் என்றுதான் நினைத்தான். ஆனால் உடம்பு கேட்கவில்லை. நாற்பது ஐம்பது தடவை செய்து பழகின உடம்பு. தலை தானாகக் குனிந்தது. விரல் தானாக இல்லாத முந்தானையைச் சுற்றியது. கழுத்து புடைத்தது, கண் செருகியது, உதடு துடித்தது. விடுதியில் எப்படிச் செய்வானோ, ஒரு மயிரிழை பிசகாமல் அப்படியே செய்தான். நன்றாகத்தான் செய்தான். அதுதான் கொடுமை.

அவள் பத்திரத்தில் எழுத்துப்பிழை பார்க்கிற கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இங்கன ஏன் சும்மா இருக்க?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. எங்கே என்று கேட்டான்.

"ரெண்டாவது கு சொல்லிட்டு, சும்மா இருந்தியே. மின்னாடியும் ஒருக்க இருந்த. வாயத் தெறந்து வச்சிக்கிட்டு, ஒண்ணும் செய்யாம. அது என்ன?"

ஆவுடைநாயகம் முக்காலியைப் பிடித்துக்கொண்டான். அவன் அந்த இடங்களில் நிற்பது அவனுக்கே தெரியாது. வெறும் கூடத்தில், யாரும் சிரிக்காத இடத்தில், சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்திருக்கிறான்.

"சிரிப்பாங்களா?" என்று அவளே கேட்டாள்.

"ஆமாக்கா."

"ம். பொறவு?"

பிறகு விளக்கை அணைத்துவிடுவார்கள் என்றான்.

"நீ எங்கலே அதுல?" என்றாள். "கதவோரம் நின்னியே. நீ அதுல இல்லையே."

முதலில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டேன் என்றான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"நான் அன்னைக்கு என் பேரச் சொன்னேன், தெரியுமா?" என்றாள். ஒவ்வொரு சொல்லாக, நின்று நின்று சொன்னாள். "நீ முந்திட்ட. எல்லாரும் ஒன்னயத் திரும்பிப் பாத்தாங்க. அப்பத்தான் எனக்கு வந்துது. முழுசாச் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல. நீயும் கேக்கல."

ஒரு மனிதரைப் பார்ப்பது எப்படி என்று மூன்று வருஷம் படித்து, முதல் மார்க் வாங்கி வந்தவன் அவன். பத்தடி தூரத்தில் நின்ற அக்கா தன் பெயரைச் சொன்னதை அவன் பார்க்கவில்லை. அவள் எழுந்து முக்காலியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் உரலில் ஏதோ இடிக்கிற சத்தம் கேட்டது.

ஆகஸ்டில் பம்பாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு நாடகக் குழு; யாரோ விடுதி விழாவில் பார்த்துவிட்டுப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அந்த முக்காலிப் பெண்ணைத் தங்கள் மேடையில் செய்ய முடியுமா, பிறகு குழுவிலேயே சேர்ந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். படித்த படிப்புக்கு அவனுக்கு வந்த ஒரே அழைப்பு அதுதான். முடியாது என்று எழுதிப் போட்டான். எழுதிப் போட்டதை அக்காவிடம் சொன்னான். அவள் முகத்தில் ஏதாவது இளகும் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னான். சொல்லும்போதே அது அவனுக்கும் தெரிந்தது. அவள், "நீ ஆடலன்னா எனக்கென்னலே" என்று மட்டும் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த வருஷக் கடைசியில் திருநெல்வேலியில் ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவனுக்கு வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கு நாடகம் போடவும், உரக்கப் படிக்கவும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு நிம்மதி. வாத்தியார் வேலை என்று ஊரில் தாராளமாகச் சொல்லலாம். அக்காவும் பரீட்சை எழுதிக் கோர்ட்டில் டைப்பிஸ்ட் ஆனாள். ஆவுடைநாயகம் அதன் பிறகு மேடை ஏறவில்லை. யாராவது கேட்டால் குரல் போய்விட்டது என்பான். அதுவும் பொய்தான்.

மாதம் ஒரு தடவை ஊருக்கு வருவான். அக்கா அவனோடு சண்டையில் இல்லை. வா என்பாள், சாப்பிடு என்பாள், போய்ட்டு வா என்பாள். எல்லாம் பழையபடிதான் இருக்கிறது என்று ஒரு வருஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு பொங்கல் லீவில்தான் அவனுக்கு உறைத்தது. அந்த ஒரு வருஷத்தில் அக்கா அவன் எதிரில் ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

முதலில், சரியாகிவிட்டதோ என்று சந்தோஷப்படக்கூடச் செய்தான். பிறகு கவனித்தான். அம்மாவிடம் திக்கினாள். பால்காரரிடம் திக்கினாள். அவனிடம் மட்டும் வழுக்கிக்கொண்டு வருகிற சொல்லாகப் பொறுக்கி எடுத்துப் பேசினாள். அதுவும் நாலெழுத்து, ஐந்தெழுத்துக்கு மேல் போகாது. 'க' வருகிற சொல் வேண்டியிருந்தால் கையால் காட்டினாள். 'ந' வேண்டியிருந்தால் பேச்சையே விட்டுவிட்டாள். செய்துகாட்டுவதற்கென்று அவனுக்குக் கொடுக்க இனி அவளிடம் ஒன்றும் இல்லை.

1963இல் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பையோடு ரயிலடியிலிருந்து நடந்து வந்தான். வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அக்கா உலகம்மையிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்த ஒரு கிழவர் ஆட்டையும் உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். அது மேஜைக்கடியில் புகுந்து காகிதத்தை மேய ஆரம்பித்துவிட்டதாம். 'க' என்கிற இடத்திலெல்லாம் நின்றாள். முட்டினாள். மோதினாள். ஒரு 'காகித'த்துக்கு அரை நிமிஷம் ஆயிற்று. உலகம்மை எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தாள். காகிதம் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அக்காவின் சிரிப்பு அவ்வளவு பெரியது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அவன் தெருவிலேயே நின்றான். உள்ளே போனால் அவள் நிறுத்திவிடுவாள். முடிக்கட்டும் என்று சுவரோரமாக ஒதுங்கி நின்றான். வெயில் முதுகில் சுட்டது.

எதிர்வீட்டு ஆவுடையாச்சி வாசலுக்கு வந்தவள், "என்னய்யா, ஒன் வீட்டு வாசல்லயே வேத்தாள் மாதிரி நிக்க, உள்ள போயேன்" என்று உரக்கச் சொன்னாள்.

உள்ளே பேச்சு நின்றது.

வேறு வழியில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "வா" என்றாள். உலகம்மை அவனைப் பார்த்து ஒரு மரியாதைக்குச் சிரித்துவிட்டு, மறுபடியும் அக்கா பக்கம் திரும்பி, "ஜட்ஜு என்ன சொன்னாரு, அதச் சொல்லு" என்று கேட்டாள்.

"பொறவு" என்று சொல்லிவிட்டு, தம்பிக்குத் தண்ணீர் எடுக்க அக்கா உள்ளே போனாள்.